பெரியம்மைக்குத் தைத்த சட்டை

மாசி பிறந்து வெயில் ஏறத் தொடங்கியதும் காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கத்து வீடுகள் சிலவற்றில் நிலைப்படியில் வேப்பங்கொத்து தென்படும். கொத்து செருகிய வீட்டில் யாரும் படியேற மாட்டார்கள். பால்காரர் திண்ணையிலேயே ஊற்றிவிட்டுப் போய்விடுவார். உள்ளே தாளிப்பு நின்றிருக்கும், மிளகாய் வறுபடாது, தலை வாரமாட்டார்கள், துணி வெளுக்கப் போகாது. பிள்ளைக்கு முத்து போட்டிருக்கிறது என்று எவரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை.

இந்த விதிகளைப் பற்றி ஊரில் இரண்டு கட்சி உண்டு. எல்லாம் மூடப்பழக்கம் என்கிறது ஒன்று. ஒவ்வொன்றிலும் அறிவியல் ஒளிந்திருக்கிறது என்கிறது மற்றது. விதிகளைத் தனித்தனியே எடுத்து நோயின் போக்கோடு வைத்துப் பார்த்தால் இரண்டு கட்சியும் நிற்காது. இவற்றில் பெரும்பாலானவை பெரியம்மைக்கு ஏற்பட்டவை. அந்த நோய் ஒழிந்துபோனது. அதற்குத் தைத்த சட்டையைச் சின்னம்மைக்குப் போட்டுக்கொண்டிருக்கிறோம். சில இடத்தில் அளவு சரியாக இருக்கிறது, சில இடத்தில் தொளதொளக்கிறது, ஓரிடத்தில் கழுத்தை இறுக்குகிறது. பிள்ளையைப் பார்த்துக்கொள்பவருக்கு அந்த இறுக்கும் இடம் எதுவென்று தெரிந்திருக்க வேண்டும்.

முதலில், பழைய வைத்தியம் இந்த நோயை எப்படிப் புரிந்துகொண்டது என்பதைப் பார்த்துவிடலாம். சித்த மருத்துவ மரபு அம்மையை வைசூரி என்ற தலைப்பில் 14 வகையாகப் பிரிக்கிறது. பனைமுகரி, கொள்ளம்மை, மிளகம்மை, கடுகம்மை, பயற்றம்மை, நீர்க்கொளுவன் என்று போகிறது அந்தப் பட்டியல். கொப்புளம் எந்த தானியம் போல் இருக்கிறது, நீர் கோத்ததா, சீழ் கோத்ததா, எத்தனை நெருக்கம், எந்த நாளில் முற்றும், எந்த நாளில் இறங்கும், பிழைப்பாரா மாட்டாரா என்பதுதான் அந்தப் பிரிவுக்கு அடிப்படை. நோயாளியின் தோலை அத்தனை நுணுக்கமாகப் பார்த்திருக்கிறார்கள். இன்று சின்னம்மை என்று நாம் சொல்வது பெரும்பாலும் நீர்க்கொளுவன் வகையில் அடங்கும். ஆனால் அந்தப் பட்டியலில் அது தனி நோயாக நிற்கவில்லை. ஒரே சூட்டின் இலேசான வடிவமாகவே நின்றது. வடமொழி மரபில் மாதவ நிதானம் என்ற மருத்துவ நூல் மசூரிகை எனும் அம்மைக்கென்று ஓர் அத்தியாயமே ஒதுக்கியிருந்தாலும், அங்கேயும் பிரிப்பது வாதம், பித்தம், கபம் என்ற குற்றங்களின் மிகுதியைக் கொண்டும் தோற்றத்தைக் கொண்டும்தான்.

இதை நம் வைத்தியர்களின் குறை என்று நினைக்க வேண்டாம். ஐரோப்பாவிலும் 18ஆம் நூற்றாண்டு வரை கதை இதேதான். லண்டன் மருத்துவர் வில்லியம் ஹெபர்டன் 1767ஆம் ஆண்டு அங்குள்ள மருத்துவர் கல்லூரியில் படித்த கட்டுரையில்தான் சின்னம்மை வேறு, பெரியம்மை வேறு என்பது தெளிவாக நிறுவப்பட்டது. அவருடைய கவலை நடைமுறை சார்ந்தது. சின்னம்மை கண்டவர் ‘எனக்குத்தான் அம்மை வந்து போய்விட்டதே’ என்று நம்பி, பெரியம்மை நோயாளியின் அருகே போவார், அல்லது அம்மைப்பால் குத்திக்கொள்ளாமல் விடுவார். அந்தத் தவறான தைரியம்தான் ஆளைக் கொல்லும் என்றார். அதற்குப் பின்னும் சர்ச்சை அடங்கவில்லை. தோல் மருத்துவத்தில் பெரிய பெயர் எடுத்த வியன்னாவின் ஃபெர்டினாண்ட் ஹெப்ரா, 19ஆம் நூற்றாண்டிலும் இரண்டும் ஒரே நோயின் வடிவங்கள் என்றே வாதாடினார். 1875இல் ஸ்டைனர் என்பவர் சின்னம்மைக் கொப்புள நீரைப் பிறருக்குக் குத்தி, அவர்களுக்கும் சின்னம்மையே வருவதைக் காட்டினார். எட்வர்ட் ஜென்னரின் 1796ஆம் ஆண்டு மாட்டம்மைப் பால் இன்னொரு சான்றைத் தந்தது. அம்மை குத்திய தழும்பு புஜத்தில் இருக்கும், பெரியம்மை வராது, சின்னம்மை மட்டும் தாராளமாக வரும். இரண்டும் ஒன்றானால் ஒன்றுக்குப் போட்ட வேலி மற்றதையும் தடுத்திருக்க வேண்டுமே.

இரண்டையும் உடம்பை வைத்துப் பிரித்தறியும் முறை 1970களில் சுகாதார ஊழியர்களுக்கு வீடுவீடாகப் போகும்போது தினசரி வேலையானது. இந்தியாவின் கடைசிப் பெரியம்மை நோயாளி 1975 மே மாதம் அசாமின் கரீம்கஞ்சில் பதிவானார். அதன் பிறகு பெரியம்மை நோயாளியைக் காட்டிக்கொடுப்பவருக்கு 1,000 ரூபாய் பரிசு என்று சுவரெல்லாம் எழுதினார்கள். வந்த தகவல்களில் ஏராளமானவை சின்னம்மை. ஒவ்வொன்றையும் நேரில் போய்ப் பார்த்துத் தள்ள வேண்டியிருந்தது. 1977இல் இந்தியாவும் 1980இல் உலகமும் பெரியம்மை அற்றவை என்று அறிவிக்கப்பட்டன.

அந்தப் பரிசோதனை இன்றைக்கும் உதவுவது. சட்டையைக் கழற்றிப் பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். சின்னம்மையில் கொப்புளங்கள் நெஞ்சிலும் முதுகிலும் வயிற்றிலும் தலைமயிருக்குள்ளும் அடர்ந்திருக்கும். முழங்கைக்குக் கீழே, முழங்காலுக்குக் கீழே போகப் போகக் குறையும். உள்ளங்கை, உள்ளங்கால் பெரும்பாலும் சுத்தமாக இருக்கும். பெரியம்மையில் இது தலைகீழ். முகமும் கைகால்களும் அடர்த்தி, உள்ளங்கையிலும் உண்டு. அடுத்து, ஓர் உள்ளங்கை அகலத் தோலை மட்டும் எடுத்துக்கொண்டு உற்றுப் பாருங்கள். அந்த இடத்திலேயே சிவந்த புள்ளி, நீர் கோத்த முத்து, உடைந்து பொருக்கு கட்டியது மூன்றும் கலந்திருந்தால் அது சின்னம்மை. மூன்று நான்கு நாட்களுக்கு அலையலையாகப் புதிது புதிதாகப் போடுவதால் இந்தக் கலவை. பெரியம்மையில் ஓரிடத்தில் இருப்பவை எல்லாம் ஒரே பருவத்தில் இருக்கும். தொட்டால் சின்னம்மை முத்து மேல்தோலில் பனித்துளி ஒட்டியதுபோல் இலேசாக இருக்கும். பெரியம்மையோ தோலுக்குள் ஈயக்குண்டு புதைத்ததுபோல் கெட்டி. காய்ச்சலையும் கேட்க வேண்டும். பெரியம்மையில் இரண்டு முதல் நான்கு நாள் ஆளைச் சாய்க்கும் காய்ச்சலும் இடுப்புவலியும் வந்த பிறகே முத்து வரும். சின்னம்மையில் பிள்ளைகளுக்குக் காய்ச்சலும் முத்தும் ஏறக்குறைய சேர்ந்தே வரும். பெரியவர்களுக்கு ஒன்றிரண்டு நாள் முந்தலாம்.

பெரியம்மை இல்லாத காலத்தில் இதெல்லாம் எதற்கு? அம்மை என்ற ஒரே பெயருக்குள் இன்று வேறு பல வந்து புகுந்திருக்கின்றன. உள்ளங்கை, உள்ளங்கால், வாய்க்குள் மட்டும் கொப்புளம் போட்டால் அது பெரும்பாலும் சிறு பிள்ளைகளுக்கு வரும் கை கால் வாய் நோய். காய்ச்சலோடு இருமல், மூக்கொழுகல், கண் சிவப்பு, பின் காதோரத்தில் தொடங்கிக் கீழே இறங்கும் நீரில்லாத சிவப்புத் தடிப்பு என்றால் தட்டம்மை. கொப்புளமே இல்லாமல் உடம்பெல்லாம் சிவந்து, உடம்புவலியோடு வாந்தியும் வந்தால் அது டெங்குவாக இருக்கலாம். டெங்குவை அம்மை என்று நினைத்து வேப்பிலை செருகிவிட்டு வீட்டோடு இருப்பதுதான் இந்தக் குழப்பத்தில் மிக ஆபத்தானது. காய்ச்சல் இறங்குகிற நாளில்தான் அது ஆளைக் கவிழ்க்கும். மருந்து ஒவ்வாமையும் அம்மை வேஷம் போடும். இந்தியாவில் முதன்முதலாக 2022 ஜூலையில் கேரளத்தில் கண்ட குரங்கம்மையில் அக்குளிலும் தொடையிடுக்கிலும் கழுத்திலும் நெறி கட்டும், உள்ளங்கையிலும் கொப்புளம் வரும். ஆக, வேப்பிலை செருகுவதற்கு முன் ஒருமுறை மருத்துவரிடம் காட்டிப் பெயரை உறுதிசெய்துகொள்ளுங்கள். வேப்பிலை மறுநாள் செருகினாலும் குற்றமில்லை.

இனி விதிகள். தனிமைப்படுத்துவதில் பழக்கம் நூற்றுக்குத் தொண்ணூறு சரி. விருந்தாளி வரக்கூடாது, நாமும் எவர் வீட்டுக்கும் போகக்கூடாது, விசேஷம் வைக்கக்கூடாது, வீட்டிலிருந்து எதையும் எடுத்துக் கொடுக்கக்கூடாது. நிலைப்படி வேப்பங்கொத்து ஓர் அறிவிப்புப் பலகை. அதைவிடத் தெளிவான பலகையை எந்த நகராட்சியும் மாட்டியதில்லை. ஆனால் ஓர் ஓட்டை இருக்கிறது. சின்னம்மை, முத்து தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே பரவத் தொடங்கிவிடும். கொத்து செருகும்போதே வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்த பிள்ளைக்கும் கூடப் படுத்த தம்பிக்கும் போய்ச் சேர்ந்திருக்கும். தொற்றியதிலிருந்து முத்து போட 10 முதல் 21 நாள் ஆகும். பெரும்பாலும் இரண்டு வாரத்தை ஒட்டி. ஒரே வீட்டில் இருந்து முன்பு வராதவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு வரும். அதனால் முதல் பிள்ளைக்குப் போட்ட தேதியை நாள்காட்டியில் குறித்துக்கொண்டு, அதிலிருந்து 8ஆம் நாள் முதல் 21ஆம் நாள் வரை மற்றவர்களையும் திருமணம், கோயில் கூட்டம், ஆஸ்பத்திரி வார்டு என்று அனுப்பாமல் இருப்பது நல்லது. இரண்டாவதாகப் போடுகிறவருக்குப் பொதுவாக முத்தும் அதிகம், காய்ச்சலும் அதிகம். ‘மூத்தவனுக்கு இலேசாத்தான் வந்துச்சு’ என்று நினைத்து இளையவனை விட்டுவிடக் கூடாது.

செட்டிநாட்டு வீட்டு அமைப்பு இதில் இரண்டு விதமாக வேலை செய்யும். வளவு எனும் நடுமுற்றத்தைச் சுற்றிய அறைகளில் பல வீடுகளில் வெளிச்சன்னல் கிடையாது; கதவு முற்றத்துப் பக்கம்தான் திறக்கும். பிள்ளையை அந்த இருட்டறையில் படுக்கவைத்தால் அதன் காற்று முழுதும் எல்லாரும் உட்காரும் வளவுக்கே வரும். சின்னம்மை தொட்டால் மட்டும் பரவுவதில்லை, காற்றிலும் பரவும். முகப்புப் பக்கத்து அறையோ மாடி அறையோ, வெளிப்பக்கம் சன்னல் உள்ளதாகப் பாருங்கள். வெளிச்சன்னலைத் திறந்தும் வளவுக் கதவைச் சாத்தியும் வையுங்கள். வெளிச்சம் இருந்தால்தான் முத்து சிவப்பதும் சீழ் பிடிப்பதும் கண்ணுக்குத் தெரியும். கூடப் படுப்பவர் முன்பே சின்னம்மை கண்டவராக இருக்க வேண்டும். பெரும்பாலும் அப்பத்தாவோ ஆயாவோதான் அந்தப் பொறுப்பை எடுத்துக்கொள்கிறார்கள். அது நல்ல ஏற்பாடு. ஆனால் அவர்கள் புற்றுநோய் சிகிச்சையிலோ, மூட்டுவலிக்கோ ஆஸ்துமாவுக்கோ ஸ்டீராய்டு மாத்திரையிலோ இருந்தால் வேறு ஆள் பாருங்கள்.

தண்ணீர் ஊற்றுவதில்தான் சட்டை தொளதொளக்கிறது. முத்து போட்ட நாளிலிருந்து எண்ணி 5, 7, 9 என்று ஒற்றைப்படை நாளில் முதல் தண்ணீர், ஒருநாள் விட்டு இரண்டாம் தண்ணீர், பிறகு மூன்றாம் தண்ணீர். மூன்றாம் தண்ணீர் ஆனால்தான் பள்ளிக்கூடம். பெரியம்மையில் பொருக்கு முழுதும் உதிர மூன்று வாரமாகும். பொருக்கிலும் நோய் இருக்கும். கடைசிப் பொருக்கு விழும்வரை வெளியே விடாதது முழு நியாயம். சின்னம்மையில் கடைசி முத்தும் பொருக்கு கட்டிவிட்டாலே தொற்று முடிந்தது. பொருக்கு உதிரக் காத்திருக்க வேண்டாம். ஆரோக்கியமான பிள்ளைக்குப் பெரும்பாலும் ஐந்து முதல் ஏழு நாளில் அது நடந்துவிடும். ஆகையால் நாளை எண்ணாமல் தோலைப் பாருங்கள். தலைமயிருக்குள், காது மடல் பின்னால், பிறப்புறுப்பு ஓரம் ஆகியவைதான் கடைசியில் காய்கிற இடங்கள். அங்கே ஒரு நீர்முத்து பளபளத்தாலும் இன்னும் ஒருநாள் பொறுங்கள். ஒன்பதாம் நாள் ஆகிவிட்டது என்பதற்காக அனுப்ப வேண்டாம். ஏழாம் நாளிலேயே எல்லாம் காய்ந்துவிட்டால் பரீட்சையைத் தவறவிடவும் வேண்டாம்.

அதுவரை குளிக்கவே கூடாது என்ற விதியையும் விட்டுவிடலாம். ஊருணித் தண்ணீரையே ஊர் முழுதும் நம்பியிருந்த நாட்டில், சீழும் பொருக்குமாக இருப்பவர் நீர்நிலைக்குப் போகாமல் தடுக்கவே இது வந்திருக்கும் என்பது என் கணிப்பு. இன்று வீட்டுக்குள் வாளித் தண்ணீர் இருக்கிறது. பங்குனி வெயிலில் வியர்வையும் அழுக்கும் ஒரு வாரம் தோலில் கிடந்தால் சொறிந்த இடமெல்லாம் சீழ் பிடிக்கும். சின்னம்மையில் தழும்பு விழுவதும் பெரும்பாலும் இப்படிச் சீழ் பிடித்த இடத்திலும், பொருக்கைப் பிய்த்த இடத்திலும்தான். நாளுக்கு ஒருமுறை வெதுவெதுப்பான நீரைத் தேய்க்காமல் ஊற்றி, பருத்தித் துண்டால் ஒற்றி எடுங்கள். சடங்குத் தண்ணீரை மூன்றுமுறை தனியாக வைத்துக்கொள்ளலாம், இரண்டும் மோதாது. அண்டாவில் தண்ணீர் நிரப்பி, வேப்பிலையும் மஞ்சளும் போட்டு, உச்சிவரை வெயிலில் வைத்து ஊற்றுவது வழக்கம். உடம்புக்கு இதமான சூட்டுக்கு இது வரும். ஆனால் வெயில் பட்டதால் கிருமி செத்துவிடாது. எடுக்கிற தண்ணீரே குடிக்கத் தகுந்ததாக இருக்கட்டும்.

வேப்பிலைக் கொத்தால் வருடுவது அரிப்புக்கு நல்ல தந்திரம். நகத்தின் வேலையை இலை செய்கிறது, தோல் கிழிவதில்லை. கொழுந்தாகப் பறித்து, கழுவி, ஈரம் உலர்த்திக் கையில் கொடுங்கள். காய்ந்து போன பழைய கொத்தின் காம்பு கீறும், தினம் மாற்றுங்கள். பிள்ளையின் நகத்தை முதல் நாளே ஒட்ட வெட்டிவிடுங்கள். கைக்குழந்தையானால் இரவில் பருத்தித் துணியைக் கையில் உறைபோலக் கட்டலாம். வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசுவதில் எனக்கு உடன்பாடு பாதிதான். முழு முத்துமேல் மெல்லியதாகப் பூசினால் பெரிய கெடுதல் இல்லை. உடைந்த முத்துமேல் பூசினால் அம்மியிலும் கையிலும் இருந்த அழுக்கு உள்ளே போகும். காய்ந்ததும் வெடித்துப் பொருக்கையும் சேர்த்து இழுக்கும். எல்லாவற்றுக்கும் மேல் மஞ்சள் நிறம், சுற்றிப் படரும் சிவப்பை மறைத்துவிடும். அரிப்புக்குக் கலமைன் லோஷனைக் கண், வாய் தவிர்த்துத் தடவுவது எளிது. வேப்பெண்ணெயை மட்டும் எக்காரணம் கொண்டும் பிள்ளைக்கு வாயில் ஊட்டாதீர்கள். சிறு குழந்தைகளுக்கு அது ஈரலையும் மூளையையும் தாக்கி வலிப்பு வரவழைத்த நேர்வுகள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கின்றன.

சாப்பாட்டுப் பத்தியத்தில் மிச்சம் வைக்க வேண்டியவை அதிகம். காரமும் புளியும் தாளிப்பும் இல்லாத சாப்பாடு, வாய்க்குள்ளும் தொண்டையிலும் முத்து இருக்கிற பிள்ளைக்கு எரியாமல் இறங்கும். மிளகாய் வறுக்கிற கமறல் இருமலைக் கிளப்பும் என்பதைச் செட்டிநாட்டு அடுப்படிக்குப் பக்கத்தில் நின்றவருக்குச் சொல்ல வேண்டாம். லண்டனில் 17ஆம் நூற்றாண்டில் அம்மை நோயாளியைக் கம்பளியில் சுற்றி, சன்னலை அடைத்து, கணப்பு மூட்டி வேர்க்கவைத்துக்கொண்டிருந்தார்கள். தாமஸ் சிடன்ஹாம் என்ற மருத்துவர் அதை எதிர்த்துக் குளிர்ச்சியாக வைக்கச் சொன்னார். நம் வீடுகள் அதைக் காலங்காலமாகச் செய்துவந்தன. இளநீர், மோர், நுங்கு, வெள்ளரிப்பிஞ்சு, பச்சரிசிக் கஞ்சி, பால்சோறு எல்லாம் சரி.

கோளாறு இரண்டு இடத்தில். உப்பை அடியோடு நிறுத்துவது ஒன்று. புண்ணில் எரியும் அளவுக்கு வேண்டாம்தான். ஆனால் காய்ச்சலில் வேர்த்துக்கொண்டிருக்கும் பிள்ளையின் கஞ்சியிலும் மோரிலும் ஒரு சிட்டிகை உப்பு இருக்கட்டும். இன்னொன்று அளவு. விளம்பி வைத்ததைக் கணக்கில் எடுக்கக் கூடாது, உள்ளே போனதை எண்ண வேண்டும். 15 கிலோ எடையுள்ள பிள்ளைக்குத் தண்ணீர், கஞ்சி, மோர், இளநீர் எல்லாம் சேர்த்து நாளுக்கு ஏறத்தாழ ஒன்றேகால் லிட்டர் தேவை. காய்ச்சல் இருந்தால் இன்னும் கொஞ்சம். 50 மில்லி டம்ளரில் அடிக்கடி கொடுத்தால் இறங்கும். ஆறு மணி நேரமாக மூத்திரம் போகவில்லையென்றால், நாக்கு வறண்டிருந்தால், பத்தியம் மிஞ்சிவிட்டது. முட்டை, பருப்பு, பால் ஆகியவற்றைப் பிள்ளை கேட்டால் கொடுங்கள். அம்மை அதனால் கூடாது.

சட்டை கழுத்தை இறுக்குவது இங்கே: ‘அம்மைக்கு மருந்து கொடுக்கக் கூடாது, ஊசி போடக் கூடாது.’ பெரியம்மைக்கு அன்று உண்மையிலேயே மருந்து இல்லை. இருந்த காலத்து மருந்துகளான பேதியும் ரத்தம் வடிப்பதும் ஆளைச் சீக்கிரம் அனுப்பின. அந்த நோய்க்கு அது அனுபவப்பட்ட புத்திமதி. சின்னம்மைக்கு இன்று மருந்து உண்டு, நேரக் கெடுவும் உண்டு. அசைக்ளோவிர் மாத்திரையை, முத்து போட்ட 24 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன். பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மருத்துவர் அதைப் பெரும்பாலும் எழுதுவார். பெரியவர்களுக்கு வழக்கமான அளவு 800 மில்லிகிராம், நாளுக்கு ஐந்து வேளை, ஏழு நாள், நிறையத் தண்ணீரோடு. சிறுநீரகக் கோளாறு இருந்தால் அளவு மாறும், முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ஆரோக்கியமான சிறு பிள்ளைக்குப் பொதுவாக இது தேவைப்படுவதில்லை. சின்னம்மை பிள்ளை விளையாட்டு என்ற நினைப்பு பெரியவர்கள் விஷயத்தில் ஆகாது. நம் போன்ற வெப்ப நாடுகளில் வளர்ந்தபின் இது வருவது குளிர்நாடுகளைவிட அதிகம். புகைபிடிக்கும் ஆணுக்கு மூன்றாம் நான்காம் நாளில் நுரையீரல் அழற்சியாகத் திரும்பலாம். மூன்றாம் தண்ணீர்வரை பொறுத்துவிட்டுக் காட்டினால் அந்த மாத்திரையால் பயன் இல்லை.

காய்ச்சலுக்குப் பாராசிட்டமால், எடையில் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம், ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை, நாளுக்கு நான்கு வேளைக்கு மேல் வேண்டாம். 15 கிலோ பிள்ளைக்கு ஒருவேளைக்கு 150 முதல் 225 மில்லிகிராம். கடையில் 5 மில்லியில் 125 மில்லிகிராம் உள்ள சிரப்பும் உண்டு, 250 உள்ளதும் உண்டு. பெட்டி ஒன்றுபோலவே இருக்கும். சொட்டு மருந்து இன்னும் செறிவானது. போனமுறை கொடுத்த ‘ஒரு மூடி’யை இந்தமுறையும் கொடுப்பதற்கு முன் எழுத்தைப் படியுங்கள். ஆஸ்பிரின் கலந்த எதையும் சின்னம்மையில் பிள்ளைகளுக்குக் கொடுக்கவே கூடாது. ஈரலும் மூளையும் வீங்கும் ரேய் நோய் அதனால் வரலாம். ஐபுப்ரோஃபெனும் வேண்டாம், தோலில் கடும் சீழ்த்தொற்றோடு அதற்குத் தொடர்பு சொல்லப்படுகிறது.

உடனே தூக்கிக்கொண்டு ஓட வேண்டிய அடையாளங்கள்: இறங்கிய காய்ச்சல் நான்காம் ஐந்தாம் நாளில் மறுபடி ஏறுவது, ஒரு முத்தைச் சுற்றிச் சிவப்பு சூடாகப் படர்ந்துகொண்டே போவது, மூச்சு வாங்குவது, முத்துக்குள் ரத்தம் கோப்பது, ஓயாத வாந்தி, எழுப்பினாலும் விழிக்காத தூக்கம், நடக்கும்போது தள்ளாடுவது. இந்தக் கடைசியை ‘பலவீனம்’ என்று தள்ளிவிடுகிறார்கள். சிறுமூளை அழற்சியாக இருக்கலாம்.

இன்னொரு ஆபத்து நம் வழக்கத்திலேயே இருக்கிறது. தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீட்டுக்கு வருவாள்; அதே வளவில் அண்ணன் பிள்ளைகள் விடுமுறையில் அம்மையோடு படுத்திருப்பார்கள். கர்ப்பிணிக்கு முன்பு சின்னம்மை வந்ததில்லையென்றால் நுரையீரல் பாதிப்புக்கு வாய்ப்பு அதிகம். பிரசவத்துக்கு ஐந்து நாள் முன்பிருந்து இரண்டு நாள் பின்பு வரையான இடைவெளியில் தாய்க்கு முத்து போட்டால், பிறந்த குழந்தைக்கு உயிராபத்து. வந்ததா இல்லையா என்று அம்மாவுக்கே நினைவில்லாவிட்டால் ரத்தப் பரிசோதனை சொல்லிவிடும். எதிர்ப்புச்சக்தி இல்லையென்றால், அம்மை கண்டவரோடு பழகிய பத்து நாளுக்குள் தருகிற இம்யூனோகுளோபுலின் ஊசி உண்டு. பிள்ளைக்கு அம்மை இறங்கும்வரை பெண்ணை வேறு பங்காளி வீட்டில் தங்கவைப்பதில் எந்த மரியாதைக் குறைவும் இல்லை.

அக்கியையும் இங்கேயே சொல்ல வேண்டும். மண்பாண்டம் செய்யும் வேளார் வீட்டுக்குப் போய்க் காவிக்கல்லை உரைத்து உடம்பில் சிங்கமோ நாயோ எழுதிக்கொண்டு வருவது நம் பக்கம் இன்னும் உண்டு. அக்கி என்று சொல்லும் பலவற்றில், உடம்பின் ஒரு பக்கம் மட்டும் பட்டையாக, நடுக்கோட்டைத் தாண்டாமல், எரிச்சலோடு கொப்புளம் போடுவது, சின்னம்மைக் கிருமியின் இரண்டாம் வருகை. பிள்ளை வயதில் வந்தது நரம்பு முடிச்சில் உறங்கிக் கிடந்து, முதுமையிலோ உடல் தளர்ந்தபோதோ எழுகிறது. அக்கி கண்ட பெரியவர் இருந்த வீட்டில் பிள்ளைகளுக்குச் சின்னம்மை வருவதை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் புடாபெஸ்ட் மருத்துவர் போகாய் கவனித்துச் சொன்னார். 1950களில் தாமஸ் வெல்லர் கிருமியை வளர்த்து இரண்டும் ஒன்றே என்று காட்டினார். அது உறங்கி எழுகிறது என்ற விளக்கத்தை 1965இல் ஹோப்-சிம்சன் என்ற பொதுமருத்துவர் வகுத்தார். காவி கொப்புளத்தை உலர்த்தும். எழுதுகிற இறகு ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போனால் சீழும் போகும். அசைக்ளோவிர் மாத்திரைக்கு இங்கே 72 மணி நேரம் கெடு. மூக்கு நுனியிலோ இமையிலோ அக்கி போட்டால் அன்றைக்கே கண் மருத்துவரைப் பாருங்கள். அக்கி போட்ட தாத்தாவின் கொப்புளம் காயும்வரை அதைத் துணியால் மூடி, கைப்பிள்ளையை மடியில் கொடுக்காதீர்கள்.

கடைசியாகத் தடுப்பூசி. ஜப்பானின் மிச்சியாகி தகாஹாஷி 1974இல் உருவாக்கிய தளர்ந்த கிருமியிலிருந்து வந்தது இது. அரசின் இலவசப் பட்டியலில் இல்லை. தனியார் குழந்தை மருத்துவரிடம் போட்டுக்கொள்ளலாம். பிள்ளைக்கு 15 மாதத்தை ஒட்டி ஒன்று, பிறகு மருத்துவர் சொல்லும் இடைவெளியில் இரண்டாவது. வராத பெரியவர்களுக்கும் இரண்டு தவணை, குறைந்தது நான்கு வார இடைவெளியில். வீட்டில் ஒருவருக்கு முத்து போட்டபின்கூட, மூன்று நாளுக்குள் மற்றவர்களுக்குப் போட்டால் நோய் தடைபடவோ இலேசாகவோ வாய்ப்புண்டு. ஐந்து நாள்வரை முயன்று பார்க்கிறார்கள். கர்ப்பிணிக்கும் எதிர்ப்புச்சக்தி குன்றியவர்களுக்கும் இது கூடாது. போட்டபின் ஒரு மாதம் கருத்தரிப்பைத் தள்ளிப்போட வேண்டும். ‘வீட்டில் அம்மை இருக்கும்போது ஊசி குத்தினால் ஆத்தாளுக்கு ஆகாது’ என்று பெரியவர்கள் தயங்கினால், தாயமங்கலத்துக்கோ மீனாட்சிபுரம் முத்துமாரியம்மனுக்கோ மஞ்சள் துணியில் காசு முடிந்துவைத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். பால்குடமும் மாவிளக்கும் பிறகு எடுக்கலாம். அந்த மூன்று நாள் திரும்ப வராது.